பேய் தள்ளவில்லை ஐயா, பிபி இறங்கியது

போன வாரம் ராத்திரி பதினோரு மணி இருக்கும். எங்கள் அவசரப் பிரிவுக்கு ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஈரோட்டுப் பக்கம். அறுபதை நெருங்கும் வயது. புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. நான் தமிழ் என்று தெரிந்ததும் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா, அங்க என்னமோ இருக்குதுங்க. இவரப் புடிச்சுத் தள்ளிருச்சு." இங்கே ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படிக்கும் மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். "ஒண்ணுமில்ல டாக்டர், அப்பா பயந்துட்டாரு."

பேய்ச் சுற்றுலாவிலிருந்து நேராக என்னிடம் வந்தவர்களில் இந்தக் கோடையில் இவர் நாலாவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எடின்பரோவுக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்த்த கையோடு கோஸ்ட் டூருக்கும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். தப்பில்லை, நானும் போயிருக்கிறேன். 1788-இல் கட்டி முடித்த சவுத் பிரிட்ஜ் என்ற பாலத்துக்கு 19 வளைவுகள். வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மற்றவை கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்து, அடியில் இருட்டறைகளாகக் கிடக்கின்றன. ஒரு காலத்தில் செருப்புத் தைப்பவர்களும் சாராயக் கடைக்காரர்களும் அங்கே தொழில் செய்தார்கள். மேலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்ததால் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். இன்றைக்கும் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். அதில் இருபது முப்பது பேரை நிற்க வைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கதை சொல்கிறார்கள்.

இன்னொரு பிரபலமான இடம் கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டம். 1679-இல் கவனன்டர்கள் என்ற மதக் குழுவினர் நூற்றுக்கணக்கில் அங்கே திறந்த வெளியில் சிறை வைக்கப்பட்டார்கள். அவர்களை வேட்டையாடிய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்சியின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. அவர் ஆவி ஆட்களைக் கீறும், மயக்கம் போட வைக்கும் என்று இருபது வருடத்துக்கும் மேலாகப் பேச்சு. உள்ளே நுழையும் முன்பே "இங்கே பல பேர் மயங்கி விழுந்திருக்கிறார்கள்" என்று வழிகாட்டி எச்சரிப்பார். அப்புறம் யாராவது விழாமல் இருப்பார்களா?

கீறலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பிரின் சாப்பிடும் ஐம்பது வயதுக்காரர் யாரையாவது கூப்பிட்டு முழங்கைக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். எப்போது, எங்கே இடித்தது என்றே தெரியாமல் இரண்டு தடமாவது இருக்கும். மற்ற நாள் யாரும் பார்ப்பதில்லை. அவ்வளவுதான்.

ஈரோட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். மனைவி பேய் என்கிறார், மகன் பயம் என்கிறான். எனக்கு இருவர் மேலும் ஒரே அளவு எரிச்சல். இரண்டுமே விசாரணையை மூடிவிடும் பதில்கள். பேய் என்றால் மந்திரிக்கப் போவார்கள். பயம் என்றால் வாட்ஸப் குரூப்பில் போட்டுச் சிரிப்பார்கள். அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை போடுகிறார், இதற்கு முன்னால் மயங்கியிருக்கிறாரா என்று யாரும் கேட்பதே இல்லை.

நான் கேட்டேன். காலையில் லண்டனில் ரயில் ஏறியிருக்கிறார், நாலரை மணி நேரப் பயணம். ரயிலில் கழிப்பறைக்குப் போக வேண்டிவரும் என்று தண்ணீர் குடிக்கவில்லை. (நம் ஊர்க்காரர்களின் இந்தப் பழக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.) சைவம் கிடைக்கவில்லை என்று மதியம் ஒரு சிப்ஸ் பாக்கெட். பிற்பகல் கோட்டை மேடு ஏறி இறங்கியிருக்கிறார். பிபிக்கு இரண்டு மாத்திரை, பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், அதுவும் பிபியை இறக்கும். இதற்கெல்லாம் பிறகு பாலத்தடியில் காற்றோட்டமில்லாத அறையில் அரை மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறார். படுக்க வைத்துப் பார்த்தபோது பிபியின் மேல் எண் 132. எழுந்து நின்ற மூன்றாவது நிமிடம் 98. இதில் பேய்க்கு என்ன வேலை?

"கையும் காலும் வெட்டி இழுத்துச்சுங்களே" என்றார் அந்த அம்மா. மூளைக்கு ரத்தம் குறையும்போது சில விநாடி அப்படி உதறும். சாதாரண மயக்கத்திலேயே நடக்கும். அதை வலிப்பு என்று நினைத்து ஒருவர் சாவியைக் கையில் திணித்திருக்கிறார். இன்னொருவர் அதைவிட மோசம், அக்குளில் கைகொடுத்து ஆளைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். உடம்பே தன்னைப் படுக்க வைத்து ரத்தத்தைத் தலைக்கு அனுப்பப் பார்க்கிறது, நாம் பிடித்து நிமிர்த்துகிறோம். அவர் இரண்டாவது முறை விழுந்ததில்தான் புருவம் கிழிந்தது. தயவுசெய்து மயங்கியவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். உட்காரவும் வைக்காதீர்கள். படுக்க வையுங்கள், காலைத் தூக்கிப் பிடியுங்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்குங்கள். முழுசாகத் தெளியும் வரை வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சவுத் பிரிட்ஜின் அந்த இருட்டறைகளில் 2001-இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் 200-க்கும் மேற்பட்டவர்களை அழைத்துப்போய்ச் சோதித்தார். எந்த அறைக்குப் பேய்ப் பேர் என்று சொல்லாமலே அனுப்பினார். ஆனாலும் பேர் வாங்கிய அறைகளிலேயே அதிகம் பேருக்கு ஏதோ தோன்றியது. அறையின் அளவுக்கும் வெளிச்சத்துக்கும் அதில் பங்கிருந்தது. ஆக, உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நான் சொல்லவில்லை. தோன்றியதற்குக் காரணம் சொல்லும்போது கொஞ்சம் நிதானியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறேன் என்றால், இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி ஒருவர் வந்தார். நண்பர்கள் கிண்டலடித்துக்கொண்டே கூட்டி வந்தார்கள். ஈசிஜியில் முழு ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின் துடிப்பு போகவே இல்லை. அதற்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் விழுந்தாராம், வெயில் என்றார்கள். ஒருமுறை கோயில் வரிசையில், கூட்டம் என்றார்கள். பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வந்தது. மெழுகுவர்த்தியும் கதையும் தற்செயல், அவர் எங்கே நின்றிருந்தாலும் விழுந்திருப்பார். முன்னறிவிப்பே இல்லாமல் பொத்தென்று விழுந்தாலோ, நெஞ்சு வலியோ படபடப்போ முதலில் வந்தாலோ, நடக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, அன்றைக்கே ஈசிஜி எடுக்க வேண்டும். பிரிட்டனில் 999-ஐ அழையுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கும் அவசரப் பிரிவுச் சிகிச்சைக்குக் காசு கிடையாது. ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் பில் வரும், பயணக் காப்பீடு எடுக்காமல் பெற்றோரை வரவழைக்காதீர்கள்.

ஈரோட்டுக்காரரின் ஈசிஜி நன்றாக இருந்தது. ஐந்து தையல் போட்டேன். அப்போது மகன் மெல்ல வாயைத் திறந்தான். மறுநாள் ராத்திரி கல்லறைத் தோட்டத்துக்கும் டிக்கெட் போட்டிருக்கிறானாம், பணம் திரும்பக் கிடைக்காதாம்.

சரி, நாளைக்கு இவர் அறையிலேயே இருக்கட்டும், நீங்கள் இருவரும் போங்கள் என்றேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். இந்த ஊர்ச் சந்துகளின் படிக்கட்டும் கல் பாவிய தரையும் மழையில் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். இருட்டிலிருந்து திடீரென்று குதித்துப் பயமுறுத்தவே ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பார்கள், இங்கே அவருக்கு ஜம்பர் ஊட்டர் என்று பேர். அதைத் தெரிந்துகொண்டே போங்கள். சில சுற்றுலாக்களில் கடைசியில் விஸ்கி தருவார்கள், பிபி மாத்திரைக்காரர்கள் தொடாதீர்கள். கொட்டாவி, வியர்வை, கண் மங்கல் வந்தால் மானம் பார்க்காமல் தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஊர் டாக்டரிடம் இந்த 98-ஐக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கணவரின் நெற்றிக்குக் கொண்டுபோனார். "தையல் மேல படாம, கொஞ்சம் தள்ளிப் பூசுங்கம்மா" என்றேன்.