அடினாய்டு: ‘மூக்குச் சதை’ அன்று, ‘மூக்கடிச் சதை’

குழந்தைகள் வாய் வழியாக மூச்சுவிடுவதையும் குறட்டை விடுவதையும் பற்றித் தமிழில் எழுதப்படும் மருத்துவக் குறிப்புகளில், மூக்குக்குப் பின்னால் தொண்டையின் கூரையில் இருக்கும் அடினாய்டை ‘மூக்குச் சதை’ என்று பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இது பிழையான பெயர்ப்பு.

‘அடினாய்டு’ என்பதன் கிரேக்க வேர்களுக்குச் ‘சுரப்பி போன்றது’ என்பது பொருள். கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் 1868இல் அடினாய்டு வளர்ச்சியை விரிவாக விளக்கி, மூக்கின் வழியே வளையக் கத்தியைச் செலுத்தி அதை அகற்றிக் காட்டினார். ‘போன்றது’ என்பதை விட்டுவிட்டு ‘மூக்கடிச் சுரப்பி’ என்போரும் உண்டு. ஆனால் இது எதையும் சுரப்பதில்லை, நோயெதிர்ப்புக்கு உதவும் நிணத்திசு மட்டுமே.

‘மூக்குச் சதை’ இதைவிடப் பெரிய குழப்பத்தைத் தருகிறது. மூக்கினுள் நீர்கோத்துத் தொங்கும் பாலிப்பையும், எல்லார்க்கும் இயல்பாகவே மூக்கின் பக்கச் சுவரில் அமைந்து சிலருக்கு வீங்கிவிடும் டர்பினேட்டையும் அதே பெயரால்தான் மக்கள் அழைக்கிறார்கள். இவற்றுள் அடினாய்டு மட்டும் மூக்கின் குழிக்குள் இல்லை. அது மூக்குக்குப் பின்னால், மெல்லண்ணத்துக்கு மேலே, தொண்டையின் கூரையில் இருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தாலும் தெரியாது. பெரும்பாலும் பதின்பருவத்துக்குள் தானே சுருங்கிவிடும். ‘மூக்குச் சதையை வெட்டுகிறார்கள்’ என்று கேட்கும் தாய், பிள்ளையின் மூக்கில் கத்தி படும் என்றே அஞ்சுவார். உண்மையில் வெளியே கீறல் எதுவும் இல்லை. பெரும்பாலும் வாய் வழியாகவே கருவியைச் செலுத்துகிறார்கள். அச்சத்தைக் கூட்டும் சொல்லை எளிமையின் பேரால் ஏற்க என்னால் இயலாது.

ஆகவே பொதுவழக்குக்கு ‘மூக்கடிச் சதை’ என்றும், பாடநூலுக்கு ‘மூக்கடி நிணத்திசு’ என்றும் சொல்வதே தகும். ‘தசை’ என்று எழுதுவது பெரும்பிழை, ஏனெனில் இங்குத் தசையிழை எதுவும் இல்லை.

அடினாய்டை அகற்றும் முறைகளின் பெயர்களிலும் இதே அசட்டை தெரிகிறது. பழைய முறையில் கியூரெட் என்னும் வளைந்த சுரண்டு கருவியைக் கொண்டு, பெரும்பாலும் தொட்டுணர்ந்தே, கீழ்நோக்கிச் சுரண்டி எடுப்பார்கள். அதைச் ‘சுரண்டி நீக்கல்’ எனலாம். மைக்ரோடிபிரைடர் என்னும் கருவியில் சுழலும் அலகு நறுக்க நறுக்க, குழாய் உறிஞ்சிக்கொள்ளும். அது ‘நறுக்கி உறிஞ்சல்’. அண்ணப் பிளவுள்ள பிள்ளைக்குக் கீழ்ப்பகுதியை விட்டு மேற்பகுதியை மட்டும் எடுக்க இம்முறை உதவும். மின்சூட்டால் கரித்து உறிஞ்சுவது மற்றொன்று. கோப்ளேஷன் என்னும் முறையையோ கூசாமல் ‘லேசர் சிகிச்சை’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அதில் உப்புநீரினூடே வானொலி அலை அதிர்வெண் மின்னோட்டம் பாய்ந்து பிளாஸ்மா எனும் மின்னேற்றத் துகள் படலம் உண்டாக, ஏறத்தாழ 40 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே திசு சிதைகிறது. லேசர் ஒளிக்கு அங்கே வேலையே இல்லை.