அஷ்டமியில் எக்ஸ், நவமியில் சுவர்

தேக்கா உணவங்காடியில் தே தாரே குடித்துக்கொண்டிருந்தபோது, என் கட்டுரைகளைப் படிக்கும் ஒருவர் கைப்பேசியை நீட்டினார். நிலாப் படம், அதில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கருங்கோடு. "அண்ணே, இத யாரோ கட்டினாங்கன்னு வாட்ஸ்அப்ல வருதே?"

யாரும் கட்டவில்லை. ரூப்பெஸ் ரெக்டா, அதாவது நேர்ச்சுவர். லாவா உறைந்த சமவெளியில் தரை பிளந்து மேற்குப் பக்கம் இறங்கியதால் வந்தது. நீளம் சுமார் 110 கிலோமீட்டர், உயரம் ஏறத்தாழ 300 மீட்டர்தான்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். என் 4 அங்குலத் தொலைநோக்கி நிலாவில் 2 கிலோமீட்டருக்குக் குறைவான எதையும் உருப்படியாகக் காட்டாது. அப்புறம் 300 மீட்டர் மேடு எப்படித் தெரிகிறது? தெரிவது மேடே இல்லை, அதன் நிழல். அங்கே பொழுது விடிந்து சூரியன் 5 டிகிரி ஏறியிருக்கும்போது அந்த மேட்டின் நிழல் 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும், அதுவும் சூரியன் மணிக்கு அரை டிகிரிதான் நகர்வதால் நாம் சாவகாசமாகப் பார்க்கலாம். பௌர்ணமியன்று வெயில் உச்சியிலிருந்து அடிக்கும், நிழல் இல்லை, சுவரும் இல்லை.

அந்த விடியல் நமக்கு வளர்பிறை நவமி. முந்தைய நாள் அஷ்டமியில், பிளாஞ்சினஸ், லா கேய், பர்பாக் ஆகிய பள்ளங்களின் விளிம்புகளில் மட்டும் வெயில் பட்டு, இருட்டுக்குள் எக்ஸ் என்ற எழுத்து சுமார் 4 மணி நேரம் மின்னும். அது நம் இரவில் விழுந்தால் அதிர்ஷ்டம். அஷ்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்பார் அம்மா. எனக்கு மாதத்தில் அவைதான் முகூர்த்த நாள்.

சிங்கப்பூரின் வெளிச்சம் நிலாவை ஒன்றும் செய்யாது. சூடுதான் எதிரி. முதல் தடவை ஏழு மணிக்கே எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கத்துக் கார்நிறுத்துமிட மொட்டை மாடியில் நின்றேன், பகலெல்லாம் காய்ந்த சிமெண்டுத் தரையிலிருந்து அனல் எழும்பி, நிலா தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் நெளிந்தது. இப்போது ஒன்பதுக்கு மேல்தான், புல்தரையில்தான். கைப்பேசியைத் தொலைநோக்கியின் கண்வில்லையில் பொருத்தி, வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். அந்த வீடியோவின் படச்சட்டங்களில் நெளியாதவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்க இலவச மென்பொருள்கள் உண்டு.

தேய்பிறை அஷ்டமி வாக்கில் வெயில் எதிர்ப்பக்கமிருந்து விழும், அதே கருங்கோடு வெள்ளையாகிவிடும். அதற்கு விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும், இதுவரை இரண்டு முறைதான் எழுந்திருக்கிறேன்.