கோலிசிஸ்டோகைனின்: தமிழில் பித்தப்பை இயக்கி

சீலியாக் நோய் சிறுகுடலைத் தாக்குவது. பித்தப்பையோ கல்லீரலுக்கு அடியில் இருக்கும் தனி உறுப்பு. அப்படியிருக்க, சீலியாக் உள்ள சிலருக்குப் பித்தப்பை மந்தமாவது ஏன்? விடையின் பெரும்பகுதி கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனில் இருக்கிறது.

வாய்க்குள் சட்டென்று நுழையாத பெயர்தான். பிரித்தால் மூன்று கிரேக்கச் சொற்கள் வரும். 'கோலே' என்றால் பித்தநீர், 'கிஸ்டிஸ்' என்றால் பை, 'கினெயின்' என்றால் அசைத்தல், இயக்குதல். நாம் தினமும் சொல்லும் சினிமாவும் இந்தக் கடைசிச் சொல்லின் உறவுதான். 1928இல் அமெரிக்காவில் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இருவர், குடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் பித்தப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டு இந்தப் பெயரை வைத்தார்கள்.

கொழுப்பும் புரதமும் உள்ள உணவு முன்சிறுகுடலை எட்டியதும், அதன் உட்சுவரில் உள்ள சில செல்கள் இந்த ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. உடனே பித்தப்பை சுருங்குகிறது. பித்தநீர் குடலுக்குள் இறங்கும் வாய் தளர்ந்து திறக்கிறது. நெய்யும் எண்ணெயும் செரிக்க அந்தப் பித்தநீர் வேண்டும்.

சீலியாக் குலைப்பது இந்த இடத்தைத்தான். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சேதம் பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் அதிகம். அங்கிருந்து புறப்பட வேண்டிய ஹார்மோன் குறைவதால், சாப்பிட்ட பிறகும் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் நிறைந்தே கிடக்கிறது. குளூட்டன் இல்லாத உணவுக்கு மாறிக் குடல் ஆறியதும் அது மீண்டும் நன்றாகச் சுருங்குவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தேங்கிய பித்தநீரில் கல் உருவாக வாய்ப்பு உண்டுதான். ஆனால் பித்தப்பைக் கல்லுக்கு சீலியாக்கே காரணம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பித்தப்பைச் சுருக்கி' என்றால் பொருள் விளங்கும். எனக்குப் பிடித்தது 'பித்தப்பை இயக்கி'. கிரேக்க மூலத்தில் இருப்பது இயக்கம்தான், சுருக்கம் அல்ல. மருத்துவச் சீட்டில் பழைய பெயரே இருக்கட்டும். நோயாளிக்கு விளக்கும்போது இந்தப் பெயர் பாதி வேலையை முடித்துவிடும்.

சீலியாக் என்ற பெயரும் கிரேக்கம்தான். 'கோய்லியா' என்றால் வயிறு. இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியாவைச் சேர்ந்த பண்டைய கிரேக்க மருத்துவர் அரெட்டேயஸ் எழுதிவைத்த சொல்லை, 1888இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ தன் கட்டுரையில் எடுத்தாண்டார். இதைக் 'கோதுமை ஒவ்வாமை' என்று தமிழில் எழுதுவது தவறு. ஒவ்வாமை வேறு, உடல் தன்னையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் வேறு. 'கிராணி' என்ற பழைய பெயரும் நாள்பட்ட கழிச்சலைக் குறிப்பதே. கழிச்சலே இல்லாத சீலியாக்கும் உண்டு. 'குளூட்டன் தன்னெதிர்ப்பு நோய்' என்பதே பொருத்தமாகப் படுகிறது.

ஒவ்வாமை என்று நினைத்துப் பலர் தாங்களாகவே சப்பாத்தியை நிறுத்திவிட்டு அப்புறம்தான் மருத்துவரிடம் போகிறார்கள். கோதுமையை நிறுத்திய பின் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயே இல்லை என்று காட்டிவிடலாம். பரிசோதனை முடியும்வரை வழக்கமான உணவையே சாப்பிட வேண்டும்.