டிரம்ஸ் இல்லாத தாளம்: ப்ளூகிராஸ் குழு எப்படிச் சேர்ந்து ஓடுகிறது?

1971-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் ஐந்து பேர் சேர்ந்து, அமெரிக்க நாட்டுப்புற வழி வந்த ப்ளூகிராஸ் என்ற இசைக்கு ஒரு குழுவைத் தொடங்கினார்கள். குழுவின் பெயர் செல்டம் சீன். கிட்டார் வாசித்துப் பாடிய ஜான் ஸ்டார்லிங் அறுவை சிகிச்சை மருத்துவர். பான்ஜோ வாசித்த பென் எல்ட்ரிட்ஜ் கணித நிபுணர். டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தாழ்சுருதித் தந்திக் கருவியை வாசித்த டாம் கிரே, நேஷனல் ஜியோகிராஃபிக் நிறுவனத்தில் நிலவரைபடம் தயாரிப்பவர். டோப்ரோ கிட்டாரை மடியில் படுக்கவைத்து வாசித்த மைக் ஆல்ட்ரிட்ஜ் வரைகலை ஓவியர். மேண்டலின் ஜான் டஃபிக்கு இசைக்கருவி பழுது பார்க்கும் தொழில். பகலில் அவரவர் வேலை. வாரத்துக்கு ஒரு இரவு மேரிலாந்து மாநிலம் பெதெஸ்டாவில் இருந்த ரெட் ஃபாக்ஸ் இன் என்ற விடுதியில் வாசிப்பு. வட்டாரத்துக் குழுவாகத் தொடங்கி, அந்த இசை உலகமே பின்பற்றும் குழுவாக அவர்கள் வளர்ந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஐந்து பேரில் யாரும் டிரம்ஸ் வாசிக்கவில்லை என்பது. கைதட்டித் தாளம் போடவும் ஆள் இல்லை, முன்னால் நின்று கைகாட்டி நடத்தவும் ஆள் இல்லை. ப்ளூகிராஸின் மரபே அதுதான். கென்டக்கி மாநிலத்து ரோசின் என்ற ஊரில் பிறந்த பில் மன்றோ 1939-ல் தன் குழுவோடு நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சிக்குப் போனார். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்று விரல் பான்ஜோவோடு அதே குழுவில் சேர்ந்தார். மேண்டலின், பான்ஜோ, ஃபிடில் (வயலின்தான்), கிட்டார், டபுள் பாஸ் என்ற கூட்டணி அங்கேதான் நிலைபெற்றது. எல்லாமே நரம்புக் கருவிகள், மின்சாரம் வேண்டாதவை.

ஆனால் வேகமோ அசாத்தியம். நிமிடத்துக்கு 150 பீட் ஓடும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பீட்டுக்கு 400 மில்லி விநாடி. அதற்குள் பான்ஜோ நான்கு ஸ்வரம் போடும். அதாவது ஒரு ஸ்வரத்துக்கு 100 மில்லி விநாடி, விநாடிக்குப் பத்து ஸ்வரம். ஒரு சத்தத்தைக் கேட்டு அதற்கு எதிர்வினையாகக் கையை அசைக்க மனிதருக்குக் குறைந்தது 150 மில்லி விநாடியாவது ஆகும். பக்கத்தில் இருப்பவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு நாம் வாசிக்கலாம் என்று காத்திருந்தால் பாட்டு ஒன்றரை ஸ்வரம் தாண்டிப் போயிருக்கும். அப்படியானால் இவர்கள் எப்படித்தான் சேர்ந்து வாசிக்கிறார்கள்?

முதலில், டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையை யார் யார் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம்.

பீட் விழும் இடத்தில் டபுள் பாஸ் விழுகிறது. பெரும்பாலும் இரண்டே ஸ்வரங்கள்: கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) அடிப்படை ஸ்வரம், அடுத்து அதன் ஐந்தாவது ஸ்வரம். திரும்பத் திரும்ப அதேதான். மேலோட்டமாகக் கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை இதன் மதிப்பைக் காட்டியது. ஒரு தாழ்ந்த ஸ்வரத்தையும் ஓர் உயர்ந்த ஸ்வரத்தையும் ஒரே சீரான தாளத்தில் சேர்த்து ஒலிக்கவிட்டு, இடையிடையே இரண்டில் ஒன்றை மட்டும் 50 மில்லி விநாடி முன்னதாக ஒலிக்கச் செய்தார்கள். தாழ்ந்த ஸ்வரம் முந்தியபோதுதான் கேட்பவர்களின் மூளை அலைகளில் பெரிய மாற்றம் தெரிந்தது. தாளத்தோடு விரல் தட்டச் சொன்னபோதும், விரல்கள் தாழ்ந்த ஸ்வரத்தின் பிசகுக்கே அதிகம் வளைந்துகொடுத்தன. 2014-ல் வெளியான இந்த ஆய்வு, உட்செவியின் அமைப்பிலேயே இதற்கான காரணம் தொடங்குகிறது என்று சொல்கிறது. நேரத்தைத் தாழ்ந்த ஒலியிடம் ஒப்படைக்கும் வழக்கம் உலகத்தில் எத்தனையோ இசைகளில் இருப்பது தற்செயல் அல்ல.

பாஸுக்கு ஒரு சிக்கலும் உண்டு. அதன் ஏ தந்தி விநாடிக்கு 55 முறை அதிர்கிறது, அதாவது ஒரே ஓர் அதிர்வு முடியவே 18 மில்லி விநாடி. சுருதி என்னவென்று காது பிடிக்க இரண்டு மூன்று அதிர்வாவது வேண்டும். அதனால் பாஸின் ஒலி ‘டக்’கென்று வெட்டினாற்போல் வராது, கொஞ்சம் ஊறி வரும். அந்த வெட்டைக் கொடுப்பதுதான் மேண்டலினின் வேலை.

இதை இசைக்காரர்கள் ‘சாப்’ என்கிறார்கள். இரண்டு பாஸ் அடிகளுக்கு நட்டநடுவே, நம் கணக்கில் பாஸ் விழுந்து 200 மில்லி விநாடி கழித்து, அது விழும். வாசிப்பவரின் இடது கையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நான்கு ஜோடித் தந்திகளையும் விரலால் மூடிய ஒரு கார்டைப் பிடித்திருப்பார், ஒரு தந்தியும் திறந்திருக்காது. வலது கையின் பிக் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) சட்டென்று நான்கையும் வெட்டும். அடுத்த கணமே இடது கை அழுத்தத்தைத் தளர்த்தும். விரல் தந்தியை விட்டு விலகாது, தந்தி மெட்டை (கழுத்தில் பதித்த உலோகக் கம்பியை) விட்டு மேலே வரும் அளவுக்கு மட்டும் தளரும். ஒலி அங்கேயே செத்துவிடும். எஞ்சுவது ஒரு குட்டி வெடிப்பு. சுருதி கொஞ்சம், இரைச்சல் நிறைய. ராக் குழுவில் ஸ்னேர் டிரம் எங்கே விழுமோ அங்கேதான் இதுவும் விழுகிறது. தொடக்கம் எவ்வளவு கூர்மையோ, அது எப்போது தொடங்கியது என்பதை மூளை அவ்வளவு துல்லியமாகக் கணக்கிடும். அறையில் உள்ள எல்லோருக்கும் நேரத்தைக் குறித்துக் காட்டும் ஊசி அதுதான்.

இரண்டு ஊசிகளுக்கு நடுவே உள்ள இடத்தை நிரப்புவது பான்ஜோ. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் மாட்டிக்கொண்டு தந்திகளைச் சுழற்சியாக மீட்டுவதற்கு ‘ரோல்’ என்று பெயர். எட்டு ஸ்வரம் ஒரு சுற்று. ஆனால் மூன்று விரல் சுழற்சி எட்டுக்குள் சரியாக அடங்காது, மூன்று, மூன்று, இரண்டு என்று உடையும். நமக்குப் பழகிய சொல்லில் சொன்னால் தகிட தகிட தக. கீழே பாஸ் நான்கு நான்காக நடக்க, மேலே அழுத்தம் 1, 4, 7 என்று விழுகிறது. ப்ளூகிராஸைக் கேட்கும்போது உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு முன்னால் தள்ளப்படுவது போல் இருப்பதற்கு இந்த உரசல் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

விநாடிக்குப் பத்து ஸ்வரம் போட்டும் பான்ஜோ குழம்பிப் போகாததற்குக் காரணம் அதன் தோல். கிட்டாரில் குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) மரப்பலகை மேல் உட்கார்ந்திருக்கும், பான்ஜோவில் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்மேல். தோலுக்கு எடை மிகக் குறைவு. தந்தியின் ஆற்றல் அதற்குள் விரைந்து பாய்ந்து, உரத்த ஒலியாக வெளியேறித் தீர்ந்துவிடும். அடுத்த ஸ்வரம் வரும்போது முந்தையது பெரும்பாலும் அடங்கியிருக்கும். 2004-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற டேவிட் போலிட்சர் இந்தக் கருவியின் ஒலியியலில் மனதைப் பறிகொடுத்துத் தொடர்ந்து கட்டுரைகள் எழுதியவர். கருவியின் வேரோ மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சுரைக்குடுக்கையில் தோல் கட்டி வாசித்த மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டபோது, அந்த அறிவும் அவர்களோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. ப்ளூகிராஸைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

சரி, ஆளுக்கொரு இடம் கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் சரியாக விழுவது எப்படி?

முன்கூட்டியே கணிப்பதால்தான். சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியின் சத்தத்தோடு விரல் தட்டச் சொன்னால், பெரும்பாலானவர்கள் சத்தம் வருவதற்குச் சில பத்து மில்லி விநாடிகள் முன்பே தட்டிவிடுகிறார்கள். சரியாகத் தட்டியதாகவே நினைக்கவும் செய்கிறார்கள். மூளை சத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. அடுத்தது எப்போது வரும் என்று கணக்குப் போட்டு, கைக்குக் கட்டளையை முன்னதாகவே அனுப்பிவிடுகிறது. சும்மா உட்கார்ந்து தாளத்தைக் கேட்கும்போதுகூட, அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலை செய்வது ஸ்கேன்களில் தெரிகிறது.

கணிப்பு தவறினால் திருத்த வேண்டும். இங்கேதான் விஷயம் மிக அழகாக இருக்கிறது. பாஸைவிட மேண்டலின் 20 மில்லி விநாடி பிந்திவிட்டது என்று வையுங்கள். மேண்டலின்காரர் அதை உணர்ந்து 20 முன்னால் வருகிறார். அதே சமயம் பாஸ்காரரும் ‘நான்தான் முந்திவிட்டேன்’ என்று 20 பின்வாங்குகிறார். அடுத்த பீட்டில் என்ன நடக்கும்? மேண்டலின் 20 முந்தி நிற்கும். பிழை அப்படியே இருக்கிறது, திசைதான் மாறியிருக்கிறது. இருவரும் முழுப் பிழையையும் திருத்தினால் பாட்டு தள்ளாடும். இருவரும் பாதி பாதி திருத்தினால் ஒரே பீட்டில் சரியாகும். ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்காகவும் செய்ய வேண்டிய திருத்தம் சிறியதாகிறது. நான்கு பேர் குழுவில் கால்வாசி. இங்கிலாந்தில் வயலின் வகைக் கருவிகள் வாசிக்கும் இரண்டு நால்வர் குழுக்களை அளந்து பார்த்தார்கள். ஒன்றில் எல்லோரும் ஏறக்குறைய சமமாகத் திருத்திக்கொண்டார்கள். மற்றதில் முதல் வயலினைச் சுற்றியே மற்றவர்கள் வளைந்தார்கள். இரண்டு வழியும் வேலை செய்கிறது.

முழுத் துல்லியம் என்பது எங்கும் கிடையாது. தேர்ந்த மேற்கத்திய மூவர் குழுக்களை ருடால்ஃப் ராஷ் 1979-ல் அளந்தபோது, ஒரே சமயத்தில் விழ வேண்டிய ஸ்வரங்கள் சுமார் 30 முதல் 50 மில்லி விநாடி வரை சிதறித்தான் விழுந்தன. கேட்பவருக்கு அது ‘சேர்ந்து’ என்றே கேட்கிறது. ஆனால் வில் போட்டு இழுக்கும் ஒலியும் குழலோசையும் மெல்ல எழுபவை, இந்தச் சிதறலை மறைத்துவிடும். மீட்டும் தந்தி அப்படி மறைக்காது. ப்ளூகிராஸில் பிசகினால் உடனே தெரிந்துவிடும்.

ஒருவர் எப்படிப் பிசகுவார் என்று தெரிந்திருப்பதும் கணிப்பில் அடக்கம். அதனால்தான் வாரம் தவறாமல் ஒரே ஆட்களோடு வாசிப்பது இவ்வளவு பலன் தருகிறது. கிட்டார்காரர் ஒரு வரி முடியும் இடத்தில் தாழ்சுருதித் தந்திகளில் ஒரு சின்ன ஓட்டம் போடுவார். அது எப்போது வரும், எவ்வளவு அவசரமாக வரும் என்று பாஸ்காரரின் கைக்கு அத்துப்படி ஆகியிருக்கும்.

அப்புறம், தூரம். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் வழியே ஒருவர் கைதட்டலை மற்றவருக்கு வேண்டுமென்றே தாமதமாக அனுப்பினார்கள். தாமதம் சுமார் 10 மில்லி விநாடிக்குக் குறைவாக இருந்தால் தாளம் வேகமெடுத்தது. 10 முதல் 20 வரை நிலையாக நின்றது. 25-ஐத் தாண்டினால் இழுக்கத் தொடங்கியது, அவன் பிந்துகிறான் என்று இவனும், இவன் பிந்துகிறான் என்று அவனும் மாறி மாறிக் காத்திருப்பதால்.

ப்ளூகிராஸ் திருவிழாக்களில் கூடாரங்களுக்கு நடுவே வட்டமாக நின்று ஜாம், அதாவது ஒத்திகையில்லாமல் கூடி, வாசிப்பார்கள். வட்டம் எட்டு மீட்டர் அகலமானால் எதிரெதிரே நிற்பவர்களுக்கு இடையே 23 மில்லி விநாடி. நெருக்கமாக நிற்கும் ஐவர் குழுவுக்கோ 3 முதல் 6தான். பெரிய வட்டம் இழுப்பதும், சின்னக் குழு பாட்டு முடிவதற்குள் வேகம் ஏறிவிடுவதும் இந்த எண்களோடு நன்றாகப் பொருந்துகின்றன. கொரோனா காலத்தில் வீடியோ அழைப்பில் சேர்ந்து வாசிக்க முயன்றவர்கள் தோற்றதும் இதனால்தான். அங்கே தாமதம் எளிதாக 100-ஐத் தாண்டும், அது நம் பாட்டில் ஒரு முழு பான்ஜோ ஸ்வரம்.

ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசிக்கும் பழைய வானொலிக் காலத்து முறை இந்தக் கணக்குக்கு நன்றாக ஒத்துவருகிறது. 1990-களில் டெல் மக்கூரி குழு அதை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தது. எல்லோரும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதால், ஸ்பீக்கர் தயவில்லாமல் ஒருவரை ஒருவர் நேரடியாகக் கேட்கலாம். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க பொத்தானும் வேண்டாம், கால் போதும். மைக்கிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நின்றவர் 30-க்கு நெருங்கினால் மைக்கில் விழும் ஒலித்திறன் நான்கு மடங்காகிறது. தன் முறை வந்தவர் உள்ளே வருவார், முடித்தவர் தோளைத் திருப்பி விலகுவார், குரல் சேரும் இடத்தில் மூன்று தலைகள் கூடும். இதுவும் ஒத்திகை பார்த்துப் பழகுவதுதான்.

முறை மாறும் அந்த இடம்தான் எனக்கு இந்த இசையில் மிகப் பிடித்த பகுதி. மேண்டலின் தனியாக வாசிக்கத் தொடங்கினால் சாப்பை யார் போடுவது? பான்ஜோகாரர் ரோலை நிறுத்திவிட்டு, கருவியின் கழுத்தின் மேல்பகுதியில் கார்டைப் பிடித்து அதே இடைவெளிகளில் வெட்டத் தொடங்குவார். இதற்கு ‘வேம்ப்’ என்று பெயர். 1960-களின் நடுவில் மன்றோவின் குழுவில் ஃபிடில் வாசித்த ரிச்சர்ட் கிரீன் இன்னொரு வழி கண்டுபிடித்தார். வில்லின் அடிப்பகுதியைத் தந்திமேல் குத்தினாற்போல் இறக்கி, சுருதியே இல்லாத ஒரு கரகர வெட்டை எழுப்பினார். இன்று அந்த வெட்டை ஜாஸ் வயலின்காரர்களும் செல்லோ வாசிப்பவர்களும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மேண்டலின் தன் சுற்றை முடித்துச் சாப்புக்குத் திரும்பியதும் பான்ஜோ மறுபடி ரோலுக்குப் போகும், பாஸ் மட்டும் தன் இரண்டு ஸ்வரங்களை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கும்.