கறிமிளகாய் இலையில் வடியும் தேன்: அசுவினி எப்படிக் குடிக்கிறது?

நுவரெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தை மாத உறைபனிக்குப் பயந்து, தொட்டிகளில் வளர்த்த கறிமிளகாய்க் கன்றுகளையும் இரண்டு செவ்வந்திச் செடிகளையும் வீட்டுக்குள் கொண்டுவந்து ஜன்னலோரத்தில் வைத்தாராம். மூன்று வாரங்களுக்குள் குருத்திலைகள் சுருண்டுவிட்டன. கீழிலைகளின் மேற்புறம் தேன் தடவியதுபோல் பிசுபிசுத்தது. பிறகு அதன்மேல் கரி படிந்தது. அயலவர்கள் கண்ணூறு என்று சொல்ல, செடிக்கு மிளகாய் சுற்றியும் போட்டிருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டபோது உருளைக்கிழங்குப் பாத்திக்குத் தெளிக்கும் நஞ்சொன்றை எடுத்துக் கொடுத்தார்களாம். பிள்ளைகள் படுக்கும் அறையில் அதைத் தெளிக்கலாமா என்பது அவருடைய கேள்வி.

தெளிக்கவே கூடாது. அதற்குத் தேவையும் இல்லை. ஏன் இல்லை என்பது, அந்தப் பூச்சி எப்படி உண்கிறது, எப்படிப் பெருகுகிறது என்பதை அறிந்தால் தானாகவே விளங்கும்.

நூல்களில் அசுவினி என்று எழுதப்படும் இப்பூச்சியை விவசாயப் போதனாசிரியர்கள் அழுக்கணவன் என்பார்கள்; செடிப்பேன் என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் வரை நீளமுள்ள, மென்மையான, பேரிக்காய் வடிவ உடல். பச்சை, கறுப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் இருக்கும். தேயிலைக் கொழுந்தின் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும் கறுப்பு அசுவினியைக் கொழுந்து பறிப்பவர்கள் நன்றாக அறிவார்கள். இலையில் தவிடுபோல் வெள்ளையாகச் சிதறிக் கிடப்பவை முட்டைகளும் அல்ல, பூஞ்சணமும் அல்ல; வளரும்போது நான்கு முறை உரித்துப்போட்ட சட்டைகள் அவை.

என் வீட்டு ஜன்னலில் இருந்த செவ்வந்தி ஒன்றில் இவற்றைக் கைவில்லையால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். தலையைத் தாழ்த்தி, பின்புறத்தைச் சற்றே உயர்த்தி, அசையாமல் நிற்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை வால்நுனியில் கண்ணாடி மணிபோல் ஒரு துளி திரளும். பின்னங்காலால் அதை ஓர் உதை உதைக்கும். துளி தெறித்துப்போய் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அந்த வாசகியின் இலைகளில் பிசுபிசுத்த தேன் இதுதான். தேனென்று சொன்னாலும் அது பூச்சியின் கழிவு. பூச்சியின் கழிவு ஏன் இனிக்க வேண்டும்?

இலையில் உருவாகும் சீனி, உரியம் என்ற இழையத்திலுள்ள நெய்யரிக்குழாய்கள் வழியே செடியெங்கும் செல்கிறது என்பதைப் பாடசாலையில் படித்திருக்கிறோம். அசுவினி தேடுவது அந்தக் குழாய்களில் ஒன்றையே. அதன் வாயில் தலைமயிரைவிட மெல்லிய நான்கு ஊசிகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே ஊசிபோல் அமைந்திருக்கின்றன. உள்ளே இரண்டு கால்வாய்கள், ஒன்று உமிழ்நீர் இறங்குவதற்கு, மற்றொன்று சாறு ஏறுவதற்கு. நுளம்பைப்போல் ஒரே குத்தாகக் குத்துவதில்லை. கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள சுவர்களின் வழியே ஊசி வளைந்து வளைந்து நகர்கிறது. போகும் வழியில் கலங்களை இலேசாகத் துளைத்துச் சுவை பார்த்துவிட்டு, நாடியது இதுவல்ல என்று விலகி அப்பால் செல்கிறது. முதலில் சுரக்கும் உமிழ்நீர் ஊசியைச் சுற்றி உறைந்து ஓர் உறையாகிவிடுவதால் வழியில் கசிவு ஏற்படுவதில்லை. உரியத்தைச் சென்றடைய சில வேளைகளில் மணிக்கணக்காகும்.

நெய்யரிக்குழாய் துளைக்கப்பட்டால் செடி சும்மா இருப்பதில்லை. காயத்தின் வழியே கல்சியம் உட்புகுந்ததும், அதை அடையாளமாகக் கொண்டு குழாயின் புரதங்கள் திரண்டு வழியை அடைத்துவிடும். நம் விரலில் காயம்பட்டால் இரத்தம் உறைவதுபோன்ற ஏற்பாடு இது. அசுவினி இரண்டாவது வகை உமிழ்நீரை, நீர்த்த உமிழ்நீரை, குழாய்க்குள் செலுத்துகிறது. அதிலுள்ள புரதங்கள் கல்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அடைப்புத் திரள்வது தடைப்படுகிறது, திரண்டதும் கரைந்துவிடுகிறது. அவரைக் குடும்பச் செடிகளைக் கொண்டு இதைக் காட்டிய ஆய்வு 2007இல் வெளியானது. அதைப் படித்த நாளில் நான் அடைந்த வியப்பு இன்றும் குறையவில்லை.

இனி நடப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் அழகாகத் தோன்றுவது. அசுவினி சாற்றை உறிஞ்சுகிறது என்று நாம் எழுதுகிறோம். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செடியே செய்கிறது. உரியச் சாறு வளிமண்டல அமுக்கத்தைப்போல் பத்து மடங்கு வரையான அமுக்கத்தில் இருக்கிறது. காரின் டயரிலுள்ள காற்றின் அமுக்கத்தைவிட இது பல மடங்கு அதிகம். ஊசி குழாயைத் தொட்டதும், திறந்த பைப்பில் தண்ணீர் வருவதுபோல், சாறு தானாகவே பூச்சியின் வாய்க்குள் ஏறிவிடுகிறது. தலையில் சிறியதொரு பம்பு இருந்தபோதிலும், உரியத்தில் குடிக்கும்போது வரத்தைக் கட்டுப்படுத்துவதே அதற்குப் பெரிய வேலை. 1953இல் கென்னடி, மிட்லர் என்ற இரு ஆய்வாளர்கள், குடித்துக்கொண்டிருந்த அசுவினியை மயக்கி, ஊசியை மட்டும் செடியில் விட்டு உடலை வெட்டி அகற்றினார்கள். பூச்சி போய்விட்டது, சாறு நிற்கவில்லை. வெட்டிய ஊசியின் நுனியிலிருந்து துளித்துளியாக மணிக்கணக்கில் வடிந்துகொண்டே இருந்தது. மனிதர் செய்த எந்தக் கருவியாலும் அத்தனை தூய்மையாக எடுக்க முடியாத உரியச் சாற்றைத் தாவரவியலாளர்கள் இன்றும் இந்த வழியில் சேகரிக்கிறார்கள்.

இப்படிக் கிடைக்கும் உணவில் ஒரு பெரிய குறை இருக்கிறது. சீனி மிக அதிகம். உடலை வளர்க்கத் தேவையான அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. போதிய அமினோ அமிலம் பெறுவதற்காக அளவுக்கு மீறிய சாற்றைக் குடித்து, மிஞ்சிய சீனியை வெளியேற்றுகிறது. அந்தச் சீனிக்கரைசல் பூச்சியின் குருதியைவிடச் செறிவானது என்பதால், பிரசாரணத்தால் உடலிலுள்ள நீரெல்லாம் குடலுக்குள் இழுபட்டு அது வற்றிப்போக வேண்டும். அப்படி நேராமல் காப்பது குடலிலுள்ள நொதியம். அது சுக்குரோசைப் பிரித்து, கிடைக்கும் குளுக்கோசுகளை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாக்குகிறது; துணிக்கைகளின் எண்ணிக்கை குறையவே பிரசாரண அமுக்கமும் குறைகிறது. வால்நுனியில் திரண்ட துளியில் இருப்பவை அந்தச் சங்கிலிகள்தாம். அவற்றை உண்டு வளரும் கரும்பூஞ்சணமே இலையில் படிந்த கரி. இதில் எவருடைய கண்ணுக்கும் இடமில்லை. கண்ணூறு கழிப்பதால் செடிக்குத் தீங்கில்லை என்றாலும், அதில் கழியும் ஒரு வாரத்தில் பூச்சி பல மடங்காகிவிடுகிறது.

உணவில் இல்லாத அமினோ அமிலங்களைச் செய்து கொடுப்பதற்கு, புக்னெரா என்னும் பற்றீரியாக்கள் அசுவினியின் உடலுக்குள்ளேயே தனிக் கலங்களில் குடியிருக்கின்றன. தாயிடமிருந்து குட்டிக்கு என்று பல கோடி ஆண்டுகளாகக் கடத்தப்பட்டு வருவதால், அவை இன்று அசுவினியை விட்டு வெளியே வாழ இயலாதவை.

அசுவினி குட்டி போடும் பூச்சி. நம் மலைகளில் ஐரோப்பாவைப்போல் கடுங்குளிர்காலம் இல்லாததால், ஆணும் முட்டையும் இன்றியே பெண்கள் பெண்களை ஈன்றுகொண்டிருக்கின்றன. சார்ல்ஸ் பொனே என்ற சுவிஸ் இளைஞர் 1740இல், பிறந்த கணமே பிரித்தெடுத்த ஒரு குட்டியைத் தனியே அடைத்துவைத்துக் கவனித்தார். ஆணையே காணாத அது சில வாரங்களுக்குள் 95 குட்டிகளை ஈன்றது. தாயின் வயிற்றிலுள்ள குட்டியின் வயிற்றில் அடுத்த தலைமுறையும் ஏற்கனவே உருவாகத் தொடங்கியிருக்கும். கைவில்லையில் பார்த்தால் குட்டி பின்புறம் முதலாக வெளிவந்து, கால்களை உதறிக்கொண்டு தொங்கி, சில நிமிடங்களில் தாயின் பக்கத்திலேயே ஊசியை இறக்குவது தெரியும். இதமான சூட்டில் அதுவும் ஒரு வாரம் பத்து நாட்களில் தாயாகிவிடும்.

வெளியில் இந்தப் பெருக்கத்தை மழை அடித்துக் கழுவும், பொறிவண்டுகள் தின்னும், சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் உடலுக்குள் முட்டையிட்டு அசுவினியைப் பழுப்பு நிறக் கூடாக்கிவிடும். ஜன்னலுக்கு உள்ளே சூடு உண்டு, எதிரி இல்லை. தேயிலையை அழித்துக்கொண்டிருந்த இலைசுருட்டிப் புழுவை அடக்குவதற்கு 1935–36இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி, இன்றும் நம் தேயிலை மலைகளில் கூலியில்லாமல் வேலை செய்கிறது. பூச்சியை அதன் எதிரியைக் கொண்டே அடக்கும் அத்தகைய ஆய்வுக்கு ஒதுக்கப்படும் பணம் செலவல்ல, முதலீடு என்றே நான் கருதுகிறேன். அதன் முடிவுகளை லயத்து வீடுகளில் இருப்பவர்களுக்குத் தமிழில் எடுத்துச்சொல்வதற்கும் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

கடையில் கொடுத்த நஞ்சுக்கு இன்னொரு குறையும் உண்டு. உருளைக்கிழங்கில் இலைச்சுருள் வைரசைப் பரப்பும் பச்சை அசுவினி, கறிமிளகாயிலும் வாழ்வது. உலகெங்கும் பார்த்தால் 70க்கும் மேற்பட்ட நஞ்சுகளுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது. தண்ணீருக்கும் சவர்க்காரத்துக்கும் அப்படித் தப்புவது கடினம்.

முதலில் அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். அதிகம் சுருண்ட குருத்துகளை நறுக்கி, பையில் கட்டி எறியுங்கள். பிறகு மண் கொட்டாமல் தொட்டியின் வாயைத் துணியால் மூடிக் கட்டி, செடியைச் சரித்துப் பிடித்து, இலைகளின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். மண்ணில் விழுந்தவை மீண்டும் ஏறக்கூடும் என்பதால்தான் சரிக்கச் சொல்கிறேன்.

அதன் பின்னர் சவர்க்காரக் கரைசல். ஒரு லீற்றர் நீருக்கு ஏறக்குறைய 10 கிராம் சாதாரண சவர்க்காரத்தைச் சீவிக் கரைத்தால் போதும். சலவைத்தூள் இலையின் மெழுகைக் கரைத்துச் செடியைக் கருக்கும். வெறும் தண்ணீர் பரப்பிழுவை காரணமாக உருண்டு ஓடிவிடும். சவர்க்காரம் அந்த இழுவையைக் குறைப்பதால் கரைசல் உடலெங்கும் பரவி, சுவாசத் துவாரங்களுக்குள் நுழைகிறது, தோலின் மெழுகையும் கல மென்சவ்வுகளையும் சிதைக்கிறது. ஆனால் ஈரமாக இருக்கும்வரை மட்டுமே, தொட்ட பூச்சியை மட்டுமே அது கொல்லும். ஆகவே ஓர் இலையில் ஒரு நாள் சோதித்துப் பார்த்துவிட்டு, மாலை வேளையில், அடிப்புறம் நன்றாக நனையும்படி தெளித்து, சில மணி நேரத்தின் பின் நல்ல நீரால் கழுவுங்கள். தப்பிய குட்டி தாயாவதற்கு முன்னரே மீண்டும் பிடிக்க வேண்டும். எனவே நான்கு ஐந்து நாட்களுக்கு ஒரு முறை, மூன்று வாரங்கள் விடாமல் செய்யுங்கள். அதுவரை யூரியா போடாதீர்கள். நைதரசன் கூடினால் சாற்றில் அமினோ அமிலம் கூடும், பூச்சிக்கு அது விருந்து.

மூன்றாவது வாரத்தின் முடிவில் ஜன்னல் கண்ணாடியையும் இலைகளையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் வெயில் படும்போது கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். புதிய துளி ஒன்றேனும் பளபளத்தால் எங்கோ ஓர் ஊசி இன்னும் இறங்கியிருக்கிறது, தெளிப்பைத் தொடருங்கள். பத்து நாட்கள் கண்ணாடி துப்புரவாகவே இருந்தால், கறிமிளகாயை மற்றத் தொட்டிகளோடு சேர்த்து வைக்கலாம்.