பார்ட்னர்ஷிப்: பங்காளியா, கூட்டாளியா?

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற வழியில் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் திறந்தார்கள். பேனரில் ‘பொது-தனியார் பார்ட்னர்ஷிப்’ என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், முன்னாளில் பனியன் கம்பெனி நடத்தியவர், மெதுவாகக் கேட்டார்: “ஏனுங்க தம்பி, பார்ட்னருன்னா நட்டத்துலயும் பங்கு உண்டுங்களே. இந்தப் பொட்டி ரிப்பேரானா யாருங்க பாக்கறது?”

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லை நோண்டினேன்.

‘ஷிப்’புக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்லை, அது தன்மையைக் குறிக்கும் பழைய ஆங்கில விகுதி, நம் ‘மை’ மாதிரி. சுவாரசியம் ‘பார்ட்னர்’தான். அதன் பழைய வடிவம் ‘பார்சனர்’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, வேர் லத்தீனில் பிரித்தலைக் குறிக்கும் சொல். அர்த்தம்? ஒரே சொத்துக்கு உடன் வாரிசு. அதாவது அச்சு அசலாக நம் பங்காளி! ஆனால் கொங்கு நாட்டில் பங்காளி என்றால் ஒரே குலத்துக்காரர், கல்யாணத்துக்கு முதலில் சொல்ல வேண்டியவர், வரப்புத் தகராறில் முதலில் எதிரே நிற்பவரும் அவரே. அரசையும் கம்பெனியையும் பங்காளிகள் என்று எழுதினால் கோர்ட் கேஸ்தான் ஞாபகம் வரும்.

இந்த இடத்தில் கோவைக்கதை ஒன்று சொல்லியாக வேண்டும். 1926ல் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை நான்காக அல்ல, ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு வைத்தார்கள். இன்றைய பி.எஸ்.ஜி. கல்லூரிகளெல்லாம் அதிலிருந்து முளைத்தவை. கல்வியை ஒரு பங்காளியாகவே சேர்த்துக்கொண்டார்கள் பாருங்கள், அது வேறு ரகம்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? பத்திரிகைகளில் அதிகம் கண்ணில் படுவது ‘பங்களிப்பு’. அது கொடுப்பதோடு முடிந்துவிடும், கோயில் கும்பாபிஷேகத்துக்கு மூட்டை அரிசி கொடுக்கிறோமே அதுவும் பங்களிப்புதான். ‘பங்கேற்பு’ பரவாயில்லை, ஆனால் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தாலும் பங்கேற்புதான். பழைய பத்திரங்களில் வரும் ‘பாகஸ்தர்’ ஆளைக் குறிக்குமே தவிர ஏற்பாட்டைக் குறிக்காது. மிஞ்சுவது பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல்: கூட்டாண்மை. கூட்டாக ஆள்வது. இதில் வரும் ஆண்மை ஆம்பிளைத்தனம் இல்லை, ஆளும் தன்மை, மேலாண்மையில் இருக்கிறதே அதே. 1932ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டமும் பெரியவர் பக்கம்தான்: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபத்தைச் சமமாகப் பிரிக்கிற மாதிரி நட்டத்தையும் சமமாகத் தாங்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பள்ளிக் கணினிக் கல்வியில் ‘பார்ட்னர்ஷிப்’ என்று சொல்லப்படுகிற பலதும் வேறு பெயருக்கு உரியவை. 2004ல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினித் திட்டத்தில் ‘பூட்’ என்றொரு முறை உண்டு, பில்ட், ஓன், ஆபரேட், டிரான்ஸ்ஃபர் என்பதன் முதலெழுத்துகள் (லேப் கதவில் தொங்குகிற பூட்டை நான் சொல்லவில்லை). கம்பெனி கணினிகளை நிறுவி, தன் உடைமையாக வைத்து நடத்தி, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும், அரசு தவணையாகப் பணம் கொடுக்கும். ஐந்து வருஷம் ஓடிய கணினி கைக்கு வரும்போது அதன் வயசு என்ன என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் இது குத்தகைக்குப் பக்கம். கம்பெனி பத்துக் கணினி வாங்கிக் கொடுத்து, போட்டோ எடுத்துவிட்டுப் போனால் அது நன்கொடை. நன்கொடை கேவலமில்லை, நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம், பெயரை மட்டும் மாற்ற வேண்டாம்.

கூட்டாண்மைக்கு உதாரணம் எங்கள் காட்டிலேயே இருக்கிறது: கூட்டுக் கிணறு. மோட்டார் காயில் எரிந்தால் எல்லாப் பங்குக்காரரும் காசு போட வேண்டும், யாருக்கு என்றைக்குத் தண்ணீர் என்பது முறை வைத்துத் தீர்மானம். பள்ளியில் அப்படி என்றால், யார் வாத்தியாருக்குச் சம்பளம், யார் யுபிஎஸ் பேட்டரி மாற்றுவது, எந்த வகுப்புக்கு எந்தப் பீரியட் என்பதை இரண்டு தரப்பும் உட்கார்ந்து முடிவுசெய்து எழுதி வைப்பது.

அப்புறம் ‘பொது’. ஆங்கிலத்தில் அது அரசைக் குறிக்கிறது. தமிழில் பொதுக்கிணறு, பொதுவழி என்றால் எல்லாருக்கும் உரியது. பள்ளியையே அரசுப் பள்ளி என்றுதானே சொல்கிறோம், ஆகவே ‘அரசு-தனியார் கூட்டாண்மை’ என்று எழுதுவதே தெளிவு.

கூட்டாண்மை என்று எழுதும்போது டண்ணகரம் (ண), ஆள் என்பதிலிருந்து வருவதால். அடுத்த விழாவுக்கு பேனர்காரர் ‘கூட்டான்மை’ என்று அடித்துக் கொடுத்தார், திருப்பி அனுப்பினோம்.