கடல் காலை வாருவது ஏன்?

வேலூர்ப் பக்கத்திலிருந்து வேன் பேசி மாமல்லபுரம் போகிறவர்களுக்குக் கடலில் இறங்கும்போது சில முறைகள் உண்டு. ஒரு ரூபாய்க் காசை அலையில் விடுவது, கிழக்கே கும்பிட்டு மூன்று முழுக்குப் போடுவது, திருஷ்டிக்கென்று பாட்டிலில் கடல் நீர் பிடிப்பது. ஒன்றும் கெடுதல் இல்லை. (அந்த நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. சுற்றிப்போட்ட பிறகு துளசிச் செடிக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.)

"காலடி மண் நழுவினா கடல் கூப்பிடுதுன்னு அர்த்தம், ஏறி வா" என்பார்கள் பெரியவர்கள். நழுவுவது உண்மைதான். திரும்பி ஓடும் அலைநீர் குதிகாலைச் சுற்றி வளையும்போது வேகம் கூடுகிறது. சிறு சுழல்கள் உண்டாகி மணலைக் கிளப்புகின்றன. பாலாற்று வெள்ளம் பாலத் தூண்களின் அடியை அரிப்பதும் இப்படித்தான். கணுக்கால் ஆழத்தில் இது வெறும் கூச்சம். இடுப்பளவு நீரில் பிடிமானம் போனால் அடுத்த அலை ஆளைச் சாய்த்துவிடும்.

ஏழாவது அலை, ஒன்பதாவது அலை பெரிது என்று எண்ணுகிறவர்களும் உண்டு. 8 நொடிக்கு ஒன்றாக ஓர் அலைத்தொடரும் 9 நொடிக்கு ஒன்றாக இன்னொன்றும் வந்தால், 72 நொடிக்கு ஒருமுறை இரண்டின் முகடும் சேர்ந்து உயரும். எட்டு, ஒன்பது அலைக்கு ஒன்று என்று கணக்கு வருகிறது. நிஜக் கடலில் தொடர்கள் பல, எண்ணிக்கை நிலைக்காது. சில நிமிடம் நின்று பார்த்து, பெரிய அலைகள் ஓய்ந்ததும் முழங்கால் ஆழத்திலேயே முழுக்கை முடித்துக்கொள்ளுங்கள்.

அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் கடல் கொஞ்சம் கூடுதலாக ஏறும். நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான்.

ஆளைக் கொண்டுபோகும் இடத்தைப் பார்த்தால் பயமே வராது. இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் கலங்கலாக, அமைதியாகக் கிடக்கும். கிணற்றில் நீந்திப் பழகியவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். மணல் திட்டைத் தாண்டி வந்து தேங்கும் நீர், திட்டின் இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. இழுப்பு சில நேரம் நொடிக்கு 2 மீட்டரைத் தொடும். எதிர்த்து நீந்தி யாராலும் முடியாது. அது அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். கரைக்கு இணையாக 30 மீட்டர் போல ஒதுங்கி, அலை உடையும் இடத்துக்கு வந்தால் அலையே கரைப்பக்கம் தள்ளும்.

கரையில் நிற்பவர்கள் பின்னாலேயே பாயக்கூடாது. வேனில் கிடக்கும் 5 லிட்டர் காலி கேனின் மூடியை இறுக்கி வீசுங்கள். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் காற்றில் ஒதுங்காமல் போய் விழும்.